மீன்தொட்டிக்கு ஒரு கலங்கல்

எங்கள் குடியிருப்பில் சம்ப் என்றால் கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தடித் தொட்டிதான். சென்னையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மெட்ரோ தண்ணீர் அதில் வந்து விழும். மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறும். மாடித் தொட்டி நிறைந்து வழிந்தால் யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். அதனால், மீன்தொட்டிக்கு ஒரு சம்ப் வைக்கப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஹால்ல பள்ளம் தோண்டணுமாப்பா?"

பள்ளம் வேண்டாம். எங்கள் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதைத் தாங்கும் ஸ்டாண்டுக்குள்ளேயே இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி இருக்கும், அதுதான் சம்ப். மேலே தண்ணீர் ஒரு விளிம்பைத் தாண்டி வழிந்து குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழே வடிகட்டப்படும். ஒரு பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். மாடித் தொட்டி வழிந்தால் மோட்டாரை யாரோ மறந்துவிட்டார்கள் என்று பொருள். மீன்தொட்டி இரவும் பகலும் வழிந்துகொண்டே இருக்க வேண்டும். வழிவது நின்றால்தான் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

இதை நான் இரண்டு முறை கட்டினேன். முதல்முறை கட்டியது தப்பு. ஓர் இரவு வீட்டுத் தரையெல்லாம் தண்ணீரான பிறகு பிரித்து மறுபடி கட்டினேன். சம்ப் வைக்க நினைக்கிறவர்கள் கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்தால் என் இரண்டாவது செலவாவது அவர்களுக்கு மிஞ்சும்.

முதலில், இவ்வளவு எதற்கு என்பது. எங்களிடம் இருப்பவை ஆறு ஒராண்டா தங்கமீன்கள், கொளத்தூரில் வாங்கியவை. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நீளமான குடலில் நேரே போய்க் கழிவாக வெளியே வரும். இது போக, செவுள் வழியாக அம்மோனியா ஓயாமல் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கும். அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ நிறையப் பரப்பு வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். மேலே வைக்கிற டாப் ஃபில்டரில் அவற்றுக்குக் கிடைப்பது ஒரு சோப்புப் பெட்டி அளவு இடம். எனக்குத் தொந்தரவாக இருந்த இன்னொன்று, தண்ணீரின் மேற்பரப்பில் படிகிற எண்ணெய்ப் படலம். தீனியிலிருந்து வருவது. அது காற்றும் தண்ணீரும் கலப்பதைத் தடுக்கும். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் மனசு கேட்காது. மேல்மட்டத் தண்ணீரை விளிம்பு வழியாக வழியவிட்டால் அந்தப் படலம் முதலில் போய்விடும். சம்ப் வைக்கலாம் என்று நான் முடிவெடுத்தது இதற்காகத்தான்.

அம்மாவின் ஊர் மதுராந்தகம் பக்கம். ஏரியின் உபரி நீர் வழிகிற இடத்தை அங்கே கலங்கல் என்பார்கள். வடக்கே ஏரி கோடி போகிறது என்பதும், தெற்கே மறுகால் போகிறது என்பதும் இதைத்தான். கலங்கல் என்ற சொல்லைச் சொன்னதும் அம்மாவுக்கு மீன்தொட்டி புரிந்துவிட்டது. எனக்கோ அவர் சொன்ன பிறகுதான் கலங்கல் புரிந்தது.

"கரை எவ்வளவு உசரம்னு பாக்கக்கூடாது. கலங்கல் எவ்வளவு அகலம்னு பாக்கணும். அகலமா இருந்தா எவ்ளோ தண்ணி வந்தாலும் ஏரி ரொம்ப ஏறாது, மேலாப்புலயே போயிடும்."

நீர்ப் பொறியியல் சூத்திரமும் இதையே சொல்கிறது. வழியும் விளிம்பு நீளமாக இருந்தால், அதே அளவு தண்ணீர் விளிம்புக்கு மேல் குறைந்த உயரத்தில் நின்று போய்விடும். பழைய ஏரிகளின் கலங்கலில் வரிசையாகக் கற்களை நட்டு வைத்திருப்பார்கள். மழை ஓயும் காலத்தில் கற்களுக்கு நடுவே மண்ணையும் புல்லையும் அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்குவார்கள். மீன்தொட்டிகளில் விளிம்புக்குச் சீப்பு மாதிரி பல் வைக்கிறார்களே, பார்க்க அப்படியே இருக்கும். இங்கே அந்தப் பல் மீனைத் தடுப்பதற்கு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்தில், பெருமழையில் மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வந்து காத்தார்கள் என்பது ஊரார் நம்பிக்கை. கோயிலுக்கே ஏரி காத்த ராமர் கோயில் என்றுதான் பெயர். கரை உடையுமோ என்று ராத்திரி விழித்திருந்தவர்களின் பயம் எப்படிப்பட்டது என்பது, என் வீட்டு ஹாலில் அந்த இரவுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்த இரவுக்கு முன் நான் போடாமல் விட்ட கணக்கு இது. என் மேல்தொட்டியின் பரப்பு 6 சதுர அடி. தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கினால் அரைக் கன அடி, அதாவது சுமார் 14 லிட்டர் வெளியே வரும். சம்ப்பின் அளவு 30க்கு 14 அங்குலம், உயரம் 16 அங்குலம். அதில் ஓர் அங்குலத்துக்கு 7 லிட்டர். ஆக, மேலே ஓர் அங்குலம் இறங்கினால் கீழே இரண்டு அங்குலம் ஏறும். இந்த ஒரு வரி மனசில் இருந்தால் போதும். எந்த அளவுத் தொட்டியானாலும் இரண்டின் நீள அகலத்தைப் பெருக்கிப் பார்த்து இந்த விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

பம்ப் ஓடும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். கரண்ட் போனால்தான் சோதனை. பம்ப் நின்றதும் மேலே விளிம்புக்கு மேல் இருக்கிற தண்ணீர் வழிந்து கீழே வரும். அது கொஞ்சம்தான். ஆனால் தண்ணீரை மேலே ஏற்றிய குழாய் இருக்கிறதே, அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அதுவே சைபனாக மாறித் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். வாய்க்குக் காற்று எட்டுகிற வரைக்கும் நிற்காது. நான் முதலில் கட்டியபோது அந்த வாய் தண்ணீர் மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே இருந்தது. குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தண்ணீர் திரும்பாது என்று கடையில் சொன்னார்கள், போட்டேன். ஆவியாகிற தண்ணீரை அடிக்கடி ஊற்ற வேண்டாமே என்று சம்ப்பை 11 அங்குலத்துக்கு நிரப்பியும் வைத்தேன்.

மே மாதம், நடு இரவில் கரண்ட் போனது. வால்வின் மடலுக்கு அடியில் ஒரு குட்டி நத்தை ஓடு சிக்கியிருந்திருக்கிறது, மடல் மூடவில்லை. 4 அங்குலத் தண்ணீர் இறங்கியது: 56 லிட்டர். சம்ப்பில் மிச்சமிருந்த இடம் 5 அங்குலம்: 35 லிட்டர். மீதி 21 லிட்டரும் ஹாலில் ஓடி, வாசல் கதவுக்கு அடியில் நுழைந்து, படிக்கட்டில் இறங்கியது. கீழ்வீட்டு மாமாதான் கதவைத் தட்டினார். "தம்பி, மாடித் தொட்டி வழியுதா பாருப்பா." டார்ச் அடித்துப் பார்த்தால் கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணீர். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் இருந்த மின் இணைப்புப் பலகைக்குள் தண்ணீர் போயிருந்தது. அந்த நேரத்தில் கரண்ட் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. இன்று அந்தப் பலகை சுவரில், சம்ப்பின் விளிம்பைவிட உயரத்தில் இருக்கிறது. அதற்குப் போகிற ஒயர்கள் ஒவ்வொன்றும் கீழே தொங்கி வளைந்துதான் மேலே ஏறும். ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்தாலும் வளைவில் சொட்டிவிடும்.

நான்-ரிட்டர்ன் வால்வு கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. மீன்தொட்டித் தண்ணீரில் நத்தையும் பாசியும் மணலும் வரும், அது ஒருநாள் மூடாமல் போகும். அது இல்லை என்றே வைத்துக் கணக்குப் போட வேண்டும். இப்போது என் குழாயின் வாய் மட்டத்துக்கு அரை அங்குலம்தான் கீழே இருக்கிறது. அதோடு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டிருக்கிறேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று நுழைந்து சைபன் அறுந்துவிடும். கரண்ட் போனால் மொத்தம் கீழே வருவது 11, 12 லிட்டர். சம்ப்பை 9 அங்குலத்தில் ஓட்டுகிறேன், 11க்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் நிற்காமல் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி வழியும். சம்ப்பைக் கண்ணாடித் தடுப்புகளால் அறைகளாகப் பிரித்திருக்கும். அதில் பம்ப் உட்காருகிற அறையைச் சின்னதாக வைக்க வேண்டும். என்னுடையது 10 அங்குல நீளம். அதில் பம்ப் உறிஞ்சக்கூடிய தண்ணீர் சுமார் 16 லிட்டர். மேல்தொட்டியில் தண்ணீருக்கு மேலே ஒன்றரை அங்குலம் காலி இருக்கிறது, அது 21 லிட்டர் கொள்ளும். அடைத்தாலும் மேலே வழிவதற்கு முன்னால் கீழே தண்ணீர் தீர்ந்துவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் கருகும் என்பதால், மட்டம் இறங்கினால் அணைக்கிற மிதவை சுவிட்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன். மற்ற அறைகளில் நடுத்தடுப்பின் உயரத்துக்குத் தண்ணீர் நிலையாக நிற்கும். ஆவியாவதால் வரும் ஏற்ற இறக்கம் பம்ப் அறையில் மட்டும்தான் தெரியும்.

சரி, வழிகிற பக்கத்துக்கு வருவோம். கண்ணாடியில் துளை போடப் பயந்து, விளிம்பில் தொங்கவிடுகிற சைபன் பெட்டியை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அதில் தண்ணீர் வளைந்த குழாய் வழியாக விளிம்பைத் தாண்டிப் போகும். அந்த வளைவில் காற்றுக் குமிழ் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் சைபன் அறும், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். துளை போடுங்கள்.

ஆனால் டெம்பர்டு கண்ணாடியில், அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியில், துளை போட்டால் முழுவதும் பொடியாகிவிடும். போலராய்டு கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் திட்டுத் திட்டாகவோ வரிவரியாகவோ கோலம் தெரிந்தால் அது டெம்பர்டு. எங்களுடையது உள்ளூரில் ஒட்டிய சாதாரண 10 மில்லிமீட்டர் கண்ணாடி, கோலம் ஒன்றும் தெரியவில்லை. மீன்களை நீல டிரம்மில் குமிழ் விடுகிற காற்றுக்கல்லோடு விட்டுவிட்டு, தொட்டியைக் காலி செய்து படுக்க வைத்தோம். எங்கள் குடியிருப்புக்கு வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணன் கூட இருந்தார். துளையில் குழாயைப் பிணைக்கிற 1 அங்குல டேங்க் நிப்பிளுக்கு, அதன் மரையை அளந்து பார்த்து 45 மில்லிமீட்டர் வைரப்பொடி ஹோல் கட்டர். தண்ணீர் இல்லாமல் வெட்டினால் கண்ணாடி சூடாகி விரியும். துளை போடுகிற இடத்தைச் சுற்றி அம்மா சப்பாத்தி மாவில் வரம்பு கட்டிக் கொடுத்தார், அதற்குள் தண்ணீர் ஊற்றி வைத்தோம். டிரில்லை மெதுவாக ஓடவிட்டு, அழுத்தாமல், அதன் எடையிலேயே இறங்கவிட வேண்டும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் இன்னும் மெதுவாக. ஒரு துளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. துளைக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டம் அளவுக்காவது இடம் விட்டோம்.

டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷர் தட்டையான தலைப் பக்கம்தான் வர வேண்டும், நட்டுப் பக்கம் அல்ல. "சார், ஸ்பேனர் வேணாம். கையால திருகி, அப்புறம் கால் சுத்து. அதுக்கு மேல போனா கண்ணாடி பேசிடும்" என்றார் அண்ணன். அவர் சொன்னபடியே செய்தோம், இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. சிலிக்கான் வாங்கும்போது குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்ந்தது வேண்டாம், அது மீனுக்கு விஷம். வினிகர் வாசனை அடிக்கிற சாதாரண வகை போதும், வாசனை முழுக்கப் போகிற வரைக்கும் தண்ணீர் விடக் கூடாது.

பின் கண்ணாடியில் மேல்பக்கமாக இரண்டு துளை. அவற்றை மறைத்து உள்ளே 12 அங்குல நீளத்துக்கு ஒரு கறுப்பு அக்ரிலிக் பெட்டி. அதன் மேல்விளிம்புதான் எங்கள் கலங்கல். பம்ப் மணிக்குச் சுமார் 1,300 லிட்டர் ஏற்றுகிறது, தொட்டித் தண்ணீர் மணிக்கு ஐந்து முறை சுற்றி வருகிற கணக்கு. பல்லின் இடைவெளி மட்டும் பார்த்தால் விளிம்பு பாதி நீளம்தான், அப்படியும் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணாடித் தாள் போல வழுக்கிப் போகிறது. பம்ப் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை நம்ப வேண்டாம். அது உயரமே ஏற்றாமல் அளந்தது. 4 அடி ஏற்றி, இரண்டு எல்போ வளைவுகளையும் தாண்டி வரும்போது பாதி தேறினால் நல்லது. நான் ஒரு பக்கெட்டையும் கடிகாரத்தையும் வைத்துத்தான் அளந்தேன்.

முதலில் கட்டியதில் ஒரே ஒரு வடிகுழாய். தண்ணீரும் காற்றும் சேர்ந்து இறங்கும்போது எழுகிற களக் களக் சத்தத்தை ராத்திரியில் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். இப்போது ஹெர்பி முறை. அதைப் பரப்பிய மீன் வளர்ப்பாளர் ஒருவரின் புனைபெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டு குழாய். ஒன்றில் கீழே ஒரு வால்வு இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால், பெட்டிக்குள் தண்ணீர் ஏறிக் குழாய் வாயை மூழ்கடிக்கும், குழாய்க்குள் காற்றே போகாது. காற்று இல்லாவிட்டால் சத்தம் இல்லை. இன்னொரு குழாயின் வாய் அதைவிட உயரத்தில், எப்போதும் காய்ந்தே இருக்கும். முதல் குழாய் அடைத்தால் அது வேலைக்கு வரும். அதில் வால்வே போடக் கூடாது. முதல் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் மூழ்கக் கூடாது. மூழ்கினால் கரண்ட் வந்ததும் குழாயில் மாட்டிய காற்று வெளியேற முடியாமல் சைபன் பிடிக்காது. இன்னும் பத்திரம் வேண்டும் என்றால் மூன்று குழாய் வைக்கும் பீன்அனிமல் முறை இருக்கிறது. என் தொட்டிக்கு இரண்டு போதும் என்று நினைத்தேன்.

வால்வு விஷயத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பித்தளை கேட் வால்வு. அது வேண்டாம். பித்தளையில் இருக்கிற செம்பு தண்ணீரில் கசிந்தால் இறால், நத்தைகளுக்கு ஆகாது. பிளாஸ்டிக் கேட் வால்வைத் தேடி அலைந்து வாங்கினேன். பால் வால்விலும் செய்யலாம், ஒரு மயிரிழை திருப்பினால் மட்டம் இரண்டு அங்குலம் மாறும், பொறுமை வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் வால்வின் கைப்பிடியில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டேன். அன்று ராத்திரி ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சம்ப்பின் உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தண்ணீர் விழுகிற இடத்தில் பஞ்சு, வாரம் இருமுறை அலசுகிறேன். அடுத்து ஸ்பாஞ்ச். அடுத்த அறையில் கே1 என்கிற சக்கரம் போன்ற பிளாஸ்டிக் துண்டுகள், காற்றுக்கல்லின் குமிழில் எந்நேரமும் புரண்டுகொண்டிருக்கும். நார்வேயில் கழிவுநீர் சுத்திகரிப்புக்காக உருவாக்கியது. காசு குறைவு என்றால் பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நாரும் பாக்டீரியாவுக்கு நல்ல வீடுதான், சோப்பு தடவாததாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு குமிழ்களைத் தடுக்கிற மூன்று கண்ணாடித் தடுப்புகள், கடைசியில் பம்ப்.

கோடையில் நாளுக்கு 3 லிட்டர் வரை ஆவியாகிறது. தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் ஆவியானதை ஈடுகட்ட போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறேன். வாராவாரம் மாற்றுகிற தண்ணீர் மெட்ரோ தண்ணீர், குளோரின் நீக்கி போட்டு. பம்ப்பும் காற்று பம்ப்பும் இப்போது இன்வெர்ட்டரில் இருக்கின்றன. ஓட்டம் நின்றால் மீன்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் கிடைக்காது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பம்ப்பை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் சம்ப்பில் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று கண்ணாடியில் கோடு போட்டேன். கோடுகள் எல்லாம் கால் அங்குலத்துக்குள் விழுந்தன. இரண்டாவது குழாய் வேலை செய்கிறதா என்று முதல் குழாயின் வாயைத் துணியால் அடைத்தும் பார்த்தேன். தண்ணீர் இரண்டாவதில் சளசளவென்று இறங்கியது. அந்தச் சத்தமே நமக்கு எச்சரிக்கை, கேட்டால் உடனே போய்ப் பார்க்கலாம்.

அந்த 3 மில்லிமீட்டர் துளையில் பாசி பிடித்தால் பழைய கதைதான். அதை அம்மா எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் மீனுக்குத் தீனி போட்ட கையோடு பல்குச்சியை விட்டுத் துளையைக் குத்திவிடுவார். பிறகு கீழே குனிந்து, "கோடி போவுதா?" என்று கேட்பார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழுக்கிப் போய்க்கொண்டிருக்கும். "போவுதும்மா" என்பேன்.